வெங்கிடுசாமி நாயுடுவின் கிணற்றில் கிடந்த கடல்

தனுஷ்கோடித் துறையில் என் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரிக்கு என்மேல் சந்தேகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. மற்றவர்களுடைய பெட்டிகளில் சேலையும் சவர்க்காரமும் தேயிலையும் இருந்தன. என்னுடையதில் இரண்டு வேட்டி, ஒரு சுத்தியல், ஓர் உளி, தக்கை அடைத்த சிறிய அமிலப் புட்டி ஒன்று. எதற்காக வருகிறீர் என்று கேட்டார். கல் எடுக்க என்றேன். உங்கள் நாட்டில் கல் இல்லையா என்றார். இருக்கிறது, வயது போதாது என்றேன். என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்பவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு முத்திரை குத்தினார்.

நான் சொன்னது உண்மை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றை நாலு முழம் தோண்டினாலே சிப்பி கிடைக்கும். எங்கள் நிலம் முழுவதும் ஒரு காலத்துக் கடலடிதான். அந்தச் சிப்பிகளை வைத்துக்கொண்டு கடல் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று கண்டுபிடிக்க முடியும் என்று சீமையில் சிலர் சொல்லத் தொடங்கியிருந்த காலம் அது. கொழும்பில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கற்களுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு அதைப் படித்ததிலிருந்து நித்திரை போயிற்று.

விஷயம் இவ்வளவுதான். தண்ணீரில் உள்ள பிராணவாயுவில் இலேசானது, பாரமானது என்று இரண்டு உண்டு. ஐசோடோப்பு என்று பெயர். கடல் ஆவியாகும்போது இலேசானது முந்திக்கொண்டு கிளம்பிவிடும். அது மழையாகிக் கடலுக்கே திரும்பினால் கணக்குச் சரி. துருவத்தில் பனியாக விழுந்து அங்கேயே தங்கிவிட்டால் கடல் வற்றி இறங்கும். மிஞ்சிய தண்ணீரில் பாரமானது கூடிவிடும். அந்தத் தண்ணீரில் உண்டான சிப்பியும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கணக்கைத் தம்முள் எழுதி வைத்திருக்கும். பனிக்கு எவ்வளவு பங்கு, கடலின் சூட்டுக்கு எவ்வளவு பங்கு என்று அப்போது பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவருக்கு நான் எழுதியிருந்தேன். மறுமொழி வரும் என்று நினைக்கவே இல்லை. வந்தது. சிப்பிகள் தம்மிடம் போதிய அளவு இருப்பதாகவும், தென்னிந்தியாவில் கோயமுத்தூர்ப் பக்கம் உள்ள மிகப் பழைய சுண்ணாம்புக்கல்லை மழைத்தண்ணீர் படாத ஆழத்திலிருந்து எடுத்து அனுப்பினால், அவ்வளவு பழைய கல்லிலும் கடலின் அடையாளம் மிஞ்சியிருக்கிறதா என்று தம் இயந்திரத்தில் பார்ப்பதாகவும் எழுதியிருந்தார். கல் நன்றாக அமைந்தால் என்னைத் தம்மிடம் சேர்த்துக்கொள்வது பற்றி யோசிக்கலாம் என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் பத்து நாள் லீவு போட்டுவிட்டுக் கடலைத் தாண்டினேன். லீவு முடிகிற வாரம் என் நண்பர் ஒருவர் கொழும்பிலிருந்து சீமைக்குக் கப்பலேற இருந்தார். அவர் கையில் கல்லைக் கொடுத்துவிட வேண்டும்.

கோயமுத்தூரில் இறங்கியபோது முதலில் தெரிந்தது காற்று. மேற்கே மலை இடைவெளி வழியாக வருகிறது என்றார்கள். உப்பு இல்லாத காற்று. இரண்டாவதாகத் தெரிந்தது மரியாதை. வண்டிக்காரன் குதிரையிடம்கூட ‘நில்லுங்க’ என்பானோ என்று பயந்தேன். அறை எடுத்திருந்த விடுதியில் தண்ணீர் கேட்டேன். சிறுவாணித் தண்ணீர் என்று பெருமையோடு கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாக்குக்கு அது சர்க்கரை கலந்தது மாதிரி இருந்தது. மூன்று செம்பு குடித்தேன்.

சுண்ணாம்புக்கல் வெட்டும் குவாரிக்கு எழுதிப்போட்டிருந்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. விடுதிச் சமையற்காரர்தான் வழி காட்டினார். தம் ஊருக்குப் பக்கத்தில் ஒருவர் இரண்டு வருஷமாகக் கிணறு வெட்டுகிறார், தண்ணீர் வரவில்லை, வெள்ளைக்கல்தான் வந்துகொண்டிருக்கிறது என்றார். ஒரு மனிதரின் துயரத்தைக் கேட்டுவிட்டு அன்றைக்கு நான் சந்தோஷமாகத் தூங்கினேன். பின்னால் நினைத்து வெட்கப்பட்டேன்.

மறுநாள் பஸ்ஸில் ஏறினேன். பெட்டியை மேலே கட்டிவிட்டு அமிலப் புட்டியைப் பத்திரத்துக்காக மடியில் வைத்துக்கொண்டேன். பாதி வழியில் ஒரு பள்ளம். தக்கை கழன்றது. என் வேட்டியில் ஒரு பெரிய ஓட்டையும் ஏழெட்டுச் சின்ன ஓட்டைகளும் விழுந்தன. பக்கத்தில் இருந்த பெண்மணி பதறி எழுந்தார். நடத்துநர் பஸ்ஸை நிறுத்தி, ஒரு குடம் தண்ணீரை என் மடியிலேயே கொட்டினார். சுட்டதா என்று ஒருவர்கூட விடாமல் விசாரித்தார்கள். எங்கள் ஊராக இருந்தால் முதலில் சிரித்திருப்பார்கள், பிறகுதான் விசாரணை. புட்டியின் அடியில் கொஞ்சம் அமிலம் மிஞ்சியது.

இப்படி ஈர வேட்டியோடும் ஓட்டைகளோடும்தான் வெங்கிடுசாமி நாயுடுவின் தோட்டத்துக்குள் நுழைந்தேன். ஐம்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த நீண்ட முகம். நான் யார் என்று கேட்பதற்கு முன் அவர் மனைவி ரங்கநாயகியம்மாள் ஒரு புது வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் ஊர் பெயரெல்லாம்.

சாப்பாடு போட்டார்கள். சோளச்சோறு, கொள்ளுப் பருப்பு, எருமைத் தயிர். மீன் இல்லாமல் சோறு இறங்காத வாயென்று என் தாயார் என்னைச் சொல்லுவார். அன்று மூன்று தரம் போட்டுக்கொண்டேன். போதும் என்று கையால் இலையை மறைத்தால் கைமேலேயே ஊற்றிவிடுகிறார்கள்.

பிறகு கிணறு. எங்கள் கிணறுகளில் எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். இதில் எட்டிப் பார்த்தபோது தலை சுற்றியது. பாறையைச் சதுரமாக வெட்டி இறக்கியிருந்தார்கள். அடியில் ஆட்கள் எறும்பளவு தெரிந்தார்கள். சுவரில் ஒரு வெள்ளைப் பட்டை சாய்ந்து இறங்கியது. மேலே பார்த்த இடமெல்லாம் மழைநீர் புகுந்து மஞ்சள் பூத்துக் கிடந்தது. அடியில் மட்டும் பால் மாதிரி வெளுத்திருந்தது. எனக்கு வேண்டியது அந்த அடிக்கல்தான்.

கிணற்று வேலையை நடத்தியவர் ஆரோக்கியம். கருமத்தம்பட்டிக்காரர், கழுத்தில் சிலுவை, பாறையில் வெடி வைப்பதில் கெட்டிக்காரர். அவர் கொண்டுவந்த கல்துண்டில் என் மிச்ச அமிலத்தில் ஒரு சொட்டு விட்டேன். புசுபுசுவென்று நுரைத்தது. வேலையாட்கள் கூடி வேடிக்கை பார்த்தார்கள். நல்ல சுண்ணாம்புக்கல், முதல் தரம் என்றேன்.

“ஏனுங்க, இது எதுக்குங்க உங்குளுக்கு?” என்று நாயுடு கேட்டார்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். பிராணவாயு, பாரம், பனி, கடல் என்று இவர்களுக்கு எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று ஓர் அலுப்பு. படித்தவனுக்கு வருகிற அலுப்பு. எங்கள் ஊர்க்காரருக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. சுண்ணாம்பு சம்பந்தமான வேலை என்று சொல்லி முடித்துவிட்டேன்.

அடுத்த வெடிக்கு மருந்து வர ஒரு நாள் ஆகும், போட்டுவிட்டுக் கல்லை எடுத்து வைக்கிறோம், செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார் நாயுடு. எவ்வளவு வேண்டும் என்றார் ஆரோக்கியம். தூக்க முடிந்த அளவு என்றேன். ஒல்லியான என் தோளை இருவரும் ஒரு கணம் பார்த்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

நடுவில் கிடைத்த நாட்களில் ஈரோடு வழியாகக் கொடுமுடிக்குப் போய்வந்தேன். ஈரோட்டில் மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவே நடந்து என் சட்டைக் காலர் மஞ்சளாயிற்று. கொடுமுடியில் காவிரியைப் பார்த்தபோது கொஞ்சம் பொறாமையாக இருந்தது. எங்கள் தீபகற்பத்தில் ஆறு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. படித்துறையில் துணி துவைத்த ஒருவர், ஊரில் தண்ணீர்க் கஷ்டமா என்று அனுதாபமாகக் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் திரும்பினேன். அன்று மாலை ஆறு மணிப் பஸ்ஸைப் பிடித்தால்தான் ரயில். ரயிலைப் பிடித்தால்தான் படகு. தோட்டத்து வாசலிலேயே நாயுடு என் கையைப் பிடித்துக் கிணற்றுக்கு இழுத்துக்கொண்டு போனார். உள்ளே தண்ணீர். வெடி போட்ட அன்று மாலையே ஊற்றுக் கண் திறந்துவிட்டது. வெள்ளைக்கல்லில் பாதியைத்தான் மேலே ஏற்ற முடிந்தது, தண்ணீர் துரத்தியதில் மீதியை விட்டுவிட்டு ஏறிவிட்டார்கள். இப்போது இரண்டு ஆள் ஆழம். அந்த மனிதர் அழுதுகொண்டே சிரித்தார். நானும் அவரைக் கட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பூசை என்றார். பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்த மகள் வந்து முதல் குடத்தை இறைப்பாள். இரண்டு வருஷமாக அவள் அதற்காக நேர்ந்துகொண்டிருக்கிறாள். அதுவரை அந்தத் தண்ணீரை யாரும் தொடுவதில்லை.

பிறகு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் என் மூட்டையைக் காட்டினார்கள். புதுச் சாக்கு, வாய் கட்டி, மேலே கொஞ்சம் குங்குமம். தூக்கிப் பார்த்தேன். நினைத்த பாரத்தில் பாதிதான் இருந்தது. வாயை அவிழ்த்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று, தொட்டால் மாவாக உதிர்கிற கட்டிகள்.

“சுட்டுப்போட்டமுங்க,” என்றார் ஆரோக்கியம், முகமெல்லாம் மலர. “பச்சைக் கல்லு அத்தனை தூரம் சொமக்க ஏலுமுங்களா? சூளை போட்டு ரெண்டு நாளு எரிச்சமுங்க. பாதிப் பாரம் கொறைஞ்சு போச்சுங்க.”

குறைந்துபோன அந்தப் பாதிதான் எனக்கு வேண்டியிருந்தது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறும். அமிலம் பட்டதும் நுரைத்ததே, அதே வாயு. இயந்திரத்தில் நிறுத்துப் பார்ப்பது அதைத்தான், அதில் உள்ள பிராணவாயுவுக்காக. என்னிடம் இருந்த அவ்வளவு கடலும் சூளைப் புகையோடு போய்விட்டது. வெளியே கிடந்த வெள்ளைக்கல் ஒன்றுகூட மிஞ்சவில்லையா என்று கேட்டேன். ரங்கநாயகியம்மாள் தாமே கூடையோடு நின்று சின்னத் துண்டுகூட விடாமல் பொறுக்கிச் சூளையில் போட்டாராம்.

எனக்குக் கோபம் வந்தது. “என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்! எல்லாம் நாசம்!” என்று கத்தினேன்.  ரங்கநாயகியம்மாள், நான் கட்டியிருந்த அவர் கொடுத்த வேட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“நாங்க பாழ் பண்ணிப்போட்டமுங்களா?” என்று நாயுடு மெதுவாகக் கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் எனக்குப் புத்தி வந்தது. பாழ் செய்தது நான். என்ன வேண்டும் என்று சொல்லாதவன் நான். அப்போது, நாலு நாள் பிந்தி, எல்லாவற்றையும் சொன்னேன். கருப்பஞ்சாறு காய்ச்சும்போது இலேசானது ஆவியாகப் போய்க் கெட்டியானது கொப்பரையில் தங்குகிறதல்லவா, கடலும் ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். இந்தக் கல் எந்தக் காலத்திலோ கடலடியாக இருந்திருக்கும், அதைக் கேட்டுச் சொல்லத்தான் ஒருவர் சீமையில் காத்திருக்கிறார் என்றேன். நாயுடு இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் என் அலுவலகத்தில் யாரும் கேட்டிராத நல்ல கேள்விகள். அப்படியானால் கல்லுக்குள் இருக்கிற காற்றுதான் சாட்சி, அதை நாம் ஓட்டிவிட்டோம் என்று ஆரோக்கியம் மற்றவர்களுக்கு விளக்கினார். இதைவிடச் சுருக்கமாக நான் இன்றுவரை சொன்னதில்லை.

மிச்சக் கல் தண்ணீருக்கடியில் இருந்தது. வெள்ளிக்கிழமை வரை அந்தத் தண்ணீரில் யாரும் இறங்கக்கூடாது. எனக்கு ஆறு மணிப் பஸ்.

புருஷனும் மனைவியும் ஒதுங்கிப் போய்த் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பேச்சு அது. குரல் உயரவில்லை, ஆனால் வெகு நேரம் பேசினார்கள். பக்கத்தில் நின்ற ஆரோக்கியத்துக்குத் தெலுங்கு தெரியும். எனக்கு அடங்கிய குரலில் தமிழில் சொன்னார். ‘மகளுக்கு என்ன பதில் சொல்வாய்’ என்கிறார் அவர். ‘இந்தப் பிள்ளை வந்து போன பிறகுதான் தண்ணீர் வந்தது, வெறுங்கையோடு அனுப்பினால் அந்தத் தண்ணீரை நான் எப்படிக் குடிப்பேன்’ என்கிறார் அந்தம்மாள். அவர் மறுபடியும் மகள் பேச்சையே எடுக்கிறார். ‘அவள் என் மகள், நான் சொல்லிக்கொள்கிறேன்’ என்கிறார் அந்தம்மாள்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை.

நாலரை மணிக்கு ராகுகாலம் முடிந்ததும் பூசை நடந்தது. மேளம் இல்லை, உறவு இல்லை, மகள் இல்லை. கிணற்று மேட்டில் மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்து, ரங்கநாயகியம்மாள் தாமே முதல் குடத்தை இறைத்து மண்ணில் ஊற்றினார். அந்தக் குடத்தை இறைக்கும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

அடியில் கல் எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவர் ஆரோக்கியம் ஒருவர்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளிம்பில் வந்து நின்றவர், இறங்காமல் நின்றார். நாயுடுவும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊரிலும் இதே கதைதான். கிணற்றை வெட்டுகிறவரை உள்ளே இறங்கலாம்; தண்ணீர் வந்துவிட்டால் வெட்டினவன் தள்ளி நின்று கையேந்தித்தான் வாங்கிக் குடிக்க வேண்டும். அந்த அரை நிமிஷத்தில் நான் நினைத்தது என் கல்லைப் பற்றித்தான். இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை.

“எறங்கலாமுங்களா?” என்று ஆரோக்கியமே கேட்டார்.

“ரெண்டு வருசமா எறங்கினது யாரு? எறங்கு கண்ணு,” என்றார் ரங்கநாயகியம்மாள்.

சிலுவைக் குறி போட்டுக்கொண்டு குதித்தார். தண்ணீர் மூடிக்கொண்டது. கடலோரத்தில் பிறந்தும் நீச்சல் தெரியாத நான் மேலே நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முதல் தரம் வெறுங்கையோடு வந்தார். இரண்டாம் தரம் தேங்காயளவு வெள்ளைக்கல். மூன்று, நாலு. நாலாவது கல்லோடு வந்தவருக்குக் கண் சிவந்து மேல்மூச்சு வாங்கியது. போதும், ஏறுங்கள் என்றேன். எனக்கு இன்னும் வேண்டியிருந்தது. அது என் முகத்தில் எழுதியிருந்தது போலும். இன்னும் மூன்று தரம் முழுகினார்.

ஏழு கற்கள். ஒன்றில் புட்டியின் கடைசிச் சொட்டை விட்டேன். நுரைத்தது. அந்த நுரையைப் பார்த்து ஒரு கிணறே சிரித்த மாதிரி எல்லோரும் சிரித்தார்கள். சுட்ட சுண்ணாம்பையும் கொண்டுபோகச் சொன்னார்கள். ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டேன். ரங்கநாயகியம்மாள் வழிக்கு எள்ளுருண்டை கொடுத்தார். கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டேன். பசியிலே யாரும் கத்துவார்கள் என்று அவர் சொல்லிவிட்டார். மத்தியானம் நான் சாப்பிடாதது அவருக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. ஆறு மணிப் பஸ் ஆறரைக்கு வந்தது, அதற்கும் நன்றி.

கல் நண்பரோடு கப்பலேறிற்று. ஏழு மாதம் கழித்துப் பெரியவரின் கடிதம் வந்தது. பூமியின் அடிச்சூட்டில் அந்தக் கல் வெந்து உருமாறிவிட்டதால், பிராணவாயு எழுதி வைத்த கணக்கு அழிந்துபோயிற்று. கடல் ஏறியதா இறங்கியதா என்று அதைக் கேட்டுப் பயன் இல்லை. ஆனால் கல்லில் உள்ள கரியிலும் இலேசானது, பாரமானது உண்டு; அந்தக் கரி தன் பிறப்பை மறக்கவில்லை. சந்தேகமில்லாமல் கடலில் உண்டான கல் என்று எழுதியிருந்தார். எது அழியும், எது நிற்கும் என்று தெரிந்துகொண்டதே பெரிய லாபம், புறப்பட்டு வாரும் என்றும் எழுதியிருந்தார்.

அன்றே நாயுடுவுக்கு எழுதினேன். இந்தத் தரம் எதையும் சுருக்கவில்லை. உங்கள் கிணற்றின் அடி ஒரு காலத்தில் கடல், உங்களால் நான் சீமைக்குப் போகிறேன் என்று நாலு பக்கம்.

மறுமொழி ஒரு கார்டில் வந்தது. பேசுவதுபோலவே எழுதியிருந்தார்:

‘கடுதாசி கெடைச்சதுங்க. நீங்க போன பொறகு மக எங்ககூடப் பேச்சை நிறுத்திப்போட்டாளுங்க. வெள்ளிக்கெழமை வந்து, பூசை ஆனதைக் கேட்டுப்போட்டு, தண்ணி குடிக்காமத் திரும்பிப் போனவ. ஏழு மாசமா இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கலீங்க. உங்க கடுதாசியப் பொள்ளாச்சிக்குக் கொண்டுட்டுப் போயி முழுசும் படிச்சுக் காட்டினேனுங்க. நேத்து வந்தாளுங்க. தானே ஒரு கொடம் எறைச்சுக் குடிச்சுப் பாத்தா. கடல்னு எழுதியிருக்கறாரு, தண்ணி இனிப்பால்ல இருக்குதுன்னா. உங்குளுக்கும் சொல்லச் சொன்னாளுங்க.’

ஏழு மாதம். நான் கொழும்பில் ஒவ்வொரு நாளும் தபால்காரனை எதிர்பார்த்து நின்றபோது, அவர்களும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எனக்கு ஒரு வரி எழுதவில்லை. பெயரும் முகமும் தெரியாத அந்தப் பெண்ணுக்குத்தான் நான் முதலில் நன்றி சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.